இரட்டை முகக் கடிகாரம்

சதுரங்கத்தில் தோற்றவர்கள் தலைவலியைக் காரணம் காட்டுவது சம்பிரதாயம். என் மைத்துனரோ கடிகாரத்தைக் காட்டுகிறார். நேற்று மாலை, ஒரு குதிரையை நகர்த்துவதா வேண்டாமா என்ற விசாரத்தினூடே காபி அருந்தி, பத்திரிகையில் வரிவிளம்பரம் ஈறாக வாசித்து, தொலைபேசியில் ஒரு ஜாதகத்தையும் நிராகரித்துவிட்டு, நேரம் தீர்ந்ததைக் காட்டும் கடிகாரக் கொடி விழுந்த பிறகு, "அத்தான், உங்கள் கடிகாரம் ஓடவில்லை, பறக்கிறது" என்றார். மரத்தில் கையால் இழைத்த அந்தப் புராதன யந்திரத்தின் மேன்மையை ஸ்தாபிக்கவே இதை எழுத உட்கார்ந்தேன்.

அது பிறந்ததே இத்தகைய மைத்துனர்களால்தான். 1851-ல் லண்டனில் நடந்த சதுரங்கப் பந்தயத்தில் கால நியமம் ஏதுமில்லை. எலைஜா வில்லியம்ஸ் யோசித்த யோசனையின் நீளத்தைப் பற்றி, அவரோடு ஆடிய ஸ்டாண்டன் மனம் வெதும்பிக் குறை கூறினார். வில்லியம்ஸிடம் தோற்றவர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது தர்மம். பிறகு மணற்குப்பிகள் வந்தன. 1883-ல், ஜுகெர்டார்ட் வாகை சூடிய லண்டன் பந்தயத்தில், மான்செஸ்டர்வாசியான தாமஸ் பிரைட் வில்சனின் இரட்டைக் கடிகாரம் அரங்கேறியது: ஏற்றப் பலகைபோன்ற ஒரு கட்டையின் இரு முனைகளிலும் இரண்டு கடிகாரங்கள், சாய்ந்தது நிற்கும், நிமிர்ந்தது ஓடும். பிற்காலத்தவற்றில் மேலே ஒரு பொத்தானை அழுத்தினால், உள்ளே ஒரு தகடு இந்தப் பக்கத்துப் பாலன்ஸ் சக்கரத்தைத் தொட்டு நிறுத்தி, அந்தப் பக்கத்ததை விடுவிக்கும்.

இவ்வளவு உத்தமமான நீதிபதியை அறுபத்து நான்கு கட்டங்களோடு நிறுத்திவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை. இதை நம்முடைய விழா மேடையில் வைத்துப் பாருங்கள். இடது முகம் பேச்சாளருக்கு, வலது முகம் சபைக்கு. "அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கி, முன்வரிசை, பின்வரிசை, பந்தல்காரர் வரை விளித்து முடிப்பதற்குள் இடது முள் கொடியைத் தூக்கியிருக்கும். "நேரமின்மையைக் கருதிச் சுருக்கமாக" என்று அவர் சொல்லுகிற முகூர்த்தத்தில், எப்படியும் அது ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும், கொடி விழும், ஒலிபெருக்கி ஊமையாகும், பொன்னாடையை அவர் வீட்டுக்கே அனுப்பிவைக்கலாம். குட்டிக் கதைக்குத் தனிக் கடிகாரம், தம் பால்யத்தை நினைவுகூர்கிற பகுதிக்கு இன்னொன்று. சபை கைதட்டுகிற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பது சிக்கல். முடித்துக்கொள்ளும்படி தட்டிய கையொலியை ஆரவாரம் என்று எண்ணிப் பேச்சாளர் புத்துயிர் பெறுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு பயம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டித் தருகிற மின்னணுக் கடிகாரத்துக்குச் சதுரங்க வீரர் ஃபிஷர் 1989-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நம்மவர்கள் அதைத்தான் கேட்பார்கள். "கடைசியாக ஒன்று" என்று சொல்லும்தோறும் முப்பது விநாடி சேருமானால், பேச்சாளர் விடியும்வரை கடைசியாகவே பேசுவார். அதற்குப் பின்னும் நன்றியுரை இருக்கிறது, அதைச் சொல்லவேண்டியவரோ நான்கு பக்கக் காகிதத்தை இப்போதுதான் மடிப்புப் பிரிக்கிறார்.