மூடாத நாளமும் எக்கோவும்: தங்கவயல் நோக்கில் ஒரு சிற்றாய்வு

சுரங்கத்தில் ஒரு சாஃப்ட் (செங்குத்துக் குழி) வழியே காற்று இறங்கும். வேலை நடக்கும் இடமெல்லாம் சுற்றிவிட்டு இன்னொரு சாஃப்ட் வழியே ஏறும். நடுவிலுள்ள காற்றுக் கதவு திறந்து கிடந்தால் காற்று குறுக்கே புகுந்து திரும்பிவிடும். மேலே விசிறி முழு வேகத்தில் ஓடும், அடியில் இருப்பவனுக்கு மூச்சு முட்டும். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைக் கண்ட தங்கவயலுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறைமாதக் குழந்தையின் மார்பிலும் இப்படி ஒரு கதவு உண்டு. நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் அந்தச் சிறு நாளம் கருவில் அவசியமானது. நிறைமாதக் குழந்தை மூச்சு விடத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி மூடும். 28 வாரத்துக்கு முன் பிறந்த பல குழந்தைகளுக்கு மூடுவதில்லை. உடலுக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரலுக்கே திரும்ப, நுரையீரல் நனைகிறது. குடலும் சிறுநீரகமும் வறள்கின்றன. மருத்துவர்கள் இதைப் பி.டி.ஏ. என்பார்கள்.

ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்ப முடியாது. முதல் சில நாள்களில் பெரிய நாளம்கூடச் சத்தமே இல்லாமல் இருக்கும். எக்கோ எனும் இதய அல்ட்ராசவுண்ட்தான் காட்டும். மார்பெலும்பின் இடப்பக்கம், மேலே, பச்சிளங்குழந்தைக்கான சிறு புரோபை வெதுவெதுப்பான ஜெல்லுடன் மெல்ல வைக்க வேண்டும். அழுத்தினால் குழந்தையின் மூச்சு தடுமாறும். நாளத்தின் மிகக் குறுகிய இடத்தை அளக்கிறார்கள். 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவலை. இடது மேலறை வீங்கியிருக்கிறதா, டாப்ளரில் ரத்தம் எந்தத் திசையில் பாய்கிறது, இதயம் தளரும் வேளையில் பெருந்தமனியில் ரத்தம் பின்னோக்கி ஓடுகிறதா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் முடிவு. எல்லாவற்றுக்கும் முன்னால் இதயத்தின் அமைப்பு முழுவதையும் பார்த்தாக வேண்டும். பிறவிக் கோளாறுகள் சிலவற்றில் குழந்தையை உயிரோடு வைத்திருப்பதே அந்த நாளம்தான். அதை மருந்தால் மூடுவது கொலைக்குச் சமம்.

அளந்தாயிற்று என்பதற்காக மருந்து கொடுத்துவிடவும் கூடாது. இண்டோமெதசின் மருந்தால் நாளத்தை மூடலாம் என்று 1976இல் தெரியவந்தபின் மூடுவதே நியதியானது. அது கலைந்துவருகிறது. 2023இல் வெளிவந்த பெனிடக்டஸ் ஆய்வில், மருந்தின்றிப் பொறுத்திருந்து கவனிக்கப்பட்ட குழந்தைகள், நாளத்தை மூட இபுபுரூஃபன் பெற்றவர்களைவிட மோசமாகவில்லை. 2024இல் வந்த பிரிட்டனின் பேபி ஆஸ்கர் ஆய்வில், பெரிய நாளத்துக்குத் தொடக்கத்திலேயே இபுபுரூஃபன் கொடுத்தும் இறப்போ நாள்பட்ட நுரையீரல் நோயோ குறையவில்லை. இதனால் எக்கோ தேவையற்றதாகிவிடாது. காத்திருக்கத் துணிவு தருவதே திரும்பத் திரும்ப எடுக்கும் அளவுதான்.

இங்கேதான் தூரம் குறுக்கிடுகிறது. தங்கவயலில் ஒரு தாய்க்கு 28 வாரத்தில் வலி கண்டால் கோலாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், பெங்களூருக்கு 100. பிறந்த பிறகு குழந்தையை அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போவது மூளையில் ரத்தக்கசிவுக்கு வழிவைக்கலாம். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் கம்பெனி ஆஸ்பத்திரியும் இல்லாமல் போன ஊர் இது. குழந்தையை எக்கோவிடம் கொண்டுபோவதைவிட, குழந்தை இருக்கும் இடத்துக்கு எக்கோவைக் கொண்டுவருவதே சரி.

முன்மாதிரி இந்த மாநிலத்திலேயே உண்டு. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைக் காக்க, பெங்களூர் நாராயணா நேத்ராலயா 2008இல் கிட்ராப் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் கேமராவோடு வெளிமாவட்டங்களுக்குப் போய்ப் படமெடுக்க, நிபுணர் தொலைவிலிருந்தே பார்க்கிறார். கண்ணுக்கு முடிந்தது இதயத்துக்கும் முடியும். சட்டத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவி பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லும் கருவிக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். அது நியாயமான சட்டம், தளர்த்தச் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கான பதிவைச் சுகாதாரத் துறை தாமதமின்றி முடித்துத் தரலாம். குழந்தை மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கலாம்.

குறைமாதக் குழந்தையைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.டி.ஏ. இருக்கிறது என்று சொன்னால், எத்தனை மில்லிமீட்டர், மறுபடி எப்போது அளப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.