மாணவக் குறும்படமும் கீபோர்டு வைத்திருக்கும் நண்பனும்: ஓர் ஆய்வு

மாணவக் குறும்படங்களுக்குப் பின்னணி இசை எவ்வாறு பிறக்கிறது என்பது பற்றி முறையான ஆய்வு எதுவும் நம் கண்ணில் படவில்லை. அக்குறையை ஈண்டு தீர்க்க முனைகிறோம். ஆய்வுக் களம், விஸ்காம் மாணவர்கள் தங்கும் மாடி அறை. காலம், படத்தைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு.

சொந்த இசை வேண்டும் என்ற எண்ணம் கலைத் தாகத்தால் எழுகிறது என்பாரும் உளர். அது பொருந்தாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி அடுத்தவர் பாட்டை மோப்பம் பிடித்து காப்பிரைட் கிளைம் போடுவதால் எழுகிறது என்பதே நம் கோள். அதுவரை இயக்குநர், ராஜா சாரின் வயலின் துண்டு ஒன்றைப் போட்டு எடிட் செய்து, பார்த்துப் பார்த்துக் கண்ணும் கலங்கியிருப்பார். கிளைம் பயம் வந்தபிறகே கீபோர்டு நண்பனின் நினைவு வரும். "மச்சான், இதே மாதிரி வேணும்டா. ஆனா இது மாதிரி இருக்கக் கூடாது."

தற்காலிகமாகப் போட்ட பாட்டில் மனம் ஒட்டிக்கொள்ளும் இது மாணவர்க்கே உரிய நோய் என்று கருதற்க. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஒதுக்கிவிட்டு, தற்காலிகமாகப் போட்டுப் பார்த்த செவ்வியல் இசையையே இயக்குநர் குப்ரிக் வைத்துக்கொண்டார். படம் திரையில் ஓடியபோதுதான் நார்த்துக்கே அது தெரிந்தது. நம் நண்பனுக்கு வாட்ஸப்பிலாவது சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து, எடிட் லாக்; அதாவது, இனி ஒரு ஃபிரேமும் மாறாது என்ற உறுதி. "லாக் பண்ணிட்டேன்டா" என்று இயக்குநர் சொல்வது, குளியலறையிலிருந்து "கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்" என்று சொல்வதற்கு ஒப்பானது. அதை நம்பி நண்பன் நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் இசையமைக்கிறான். கதவு திறக்கும் கணத்தில் ஒரு தவிலடி. நள்ளிரவில் இயக்குநர் அதற்கு முந்தைய ஷாட்டில் 12 ஃபிரேமை வெட்டுகிறார். 12 ஃபிரேம்தானே என்பது அவர் வாதம். நொடிக்கு 24 ஃபிரேம் எனில் அது அரை நொடி. அந்த வேகத்தில் அரை நொடி என்பது மிகச் சரியாக ஒரு தட்டு. விளைவு: கதவு ஓசையின்றித் திறக்கிறது; தவிலடியோ உள்ளே சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும் அம்மாவின் மேல் விழுகிறது. சோகப் படம் அந்த இடத்தில் வேறு வகை ஆகிவிடுகிறது.

தடை: இசையிலும் ஒரு தட்டை வெட்டினால் ஆகாதோ? விடை: ஆகாது. ஆதி தாளத்தின் எட்டில் ஒன்று காணாமற்போகும்.

அடுத்து, ஒலிப்பதிவு. நாம் கண்ட களத்தில், புல்லாங்குழல் பதிவின்போது ஃபேனை அணைத்து, ஜன்னலில் போர்வை கட்டியும், கீழ்வீட்டு குக்கர் விசில் உள்ளே வந்தது. மூன்றாவது விசில் சுருதி சேர்ந்திருந்ததால் அப்படியே விடப்பட்டது. முடிந்த இசையை இயக்குநர் போன் ஸ்பீக்கரில் கேட்டு, "பேஸே இல்லையேடா" என்றார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் யார் வாசித்தாலும் பேஸ் வராது.

'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) ஒரே இரவில் இசை முடியவில்லையா என்று இயக்குநர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. பெரும்பாலும் முடிந்தது. ஆனால் அங்கே சித்தாருடன் உட்கார்ந்திருந்தவர் ரவிசங்கர்.

ஆகவே இயக்குநர்களே, ஊரார் பாட்டைப் போட்டு எடிட் செய்யாதீர்கள். டைட்டிலில் நண்பனின் பெயரை எழுத்துப் பிழையின்றிப் போடுங்கள். சம்பளம் பரோட்டாதான் என்பது உலகறிந்தது. அதை ஆறுவதற்குள் வாங்கிக் கொடுங்கள்.