கூரை போட யாரைக் கேட்பது?

1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல் எங்கள் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது எனக்கு ஒன்பது வயது. அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தின் கடைமடையில் இருந்தது எங்கள் ஊர். தெருவில் அநேகமாக எல்லாமே கீற்று வீடுகள். மண்சுவர், பனங்கை, மூங்கில் வாரை, மேலே தென்னங்கீற்று. மழை விட்டதும் அப்பாவும் சித்தப்பாவும் விழுந்து கிடந்த தென்னைகளின் மட்டையைக் கழித்துக் குளத்தில் ஊறப்போட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து கீற்று முடைந்தார்கள். கூரை வேயத் தெரிந்தவர்கள் ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஏறினார்கள். அந்தந்த வீட்டில் அவர்களுக்குச் சோறு, அதுதான் கூலி. பொங்கலுக்குள் தெரு முழுக்கப் புதுக்கூரை. யாரிடமும் போய் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

41 ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. காற்று அடங்கியதும் வெளியே வந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. இந்த முறை தெருவில் கீற்று வீடுகள் குறைவு. ஓட்டு வீடுகள், தளம் போட்ட வீடுகள், தகரக் கொட்டகைகள். முன்பைவிட வசதி கூடியிருந்தது. ஆனாலும் விழுந்த வீட்டை எழுப்புவதற்கு முன்பைவிடப் பல மடங்கு காலம் பிடித்தது.

என் அத்தாச்சி வீட்டை எடுத்துக்கொள்கிறேன். கணவரை இழந்தவர். ஓடு மொத்தமும் பறந்து, தென்னை சாய்ந்து ஒரு பக்கச் சுவரும் விழுந்துவிட்டது. இனிமேல் ஓடு வேண்டாம், சின்னதாக இருந்தாலும் தளம் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். அதற்குக் கடன் வேண்டும். கடனுக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் வேண்டும். வரைபடத்துக்கு அனுமதி வாங்கப் பட்டா வேண்டும். பட்டா அவருடைய மாமனார் பெயரில் இருந்தது. அலுவலகத்தில் எழுத்தர் சொன்னார்:

“வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்கம்மா. எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும்.”

“ஒரு கொழுந்தன் சிங்கப்பூர்ல இருக்காரு தம்பி. வீடே இடிஞ்சு கெடக்கு. தார்ப்பாய்க்குக் கீழதான் படுத்திருக்கோம்.”

“நான் என்னம்மா பண்றது? ரூல்ஸ் அப்படி.”

அந்த எழுத்தர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டிலும் மின்சாரம் இல்லை. கஜாவில் மின்கம்பங்கள் லட்சத்துக்கும் மேல் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஒரு ஜெராக்ஸ் எடுக்க ஜெனரேட்டர் ஓடும் கடையைத் தேடி டவுனுக்குப் போக வேண்டும். பலருக்கு ஜெராக்ஸ் எடுக்க மூலப்பத்திரமே இல்லை; டிரங்குப் பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது. புயல் கொண்டுபோன காகிதத்தைக் காட்டினால்தான் புயல் இடித்த வீட்டைக் கட்டலாம் என்றால், அந்த விதியை எழுதியவர் மழை பெய்யாத ஒரு நாளை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

சாலையோரப் புளியமரம் ஒன்று எங்கள் தெருக்கோடி வீட்டின் மாட்டுக்கொட்டகை மேல் விழுந்திருந்தது. சாலையில் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை மீட்புப் பணிக்கு வந்தவர்கள் அன்றே அறுத்து ஒதுக்கினார்கள். கொட்டகை மேல் கிடந்த அடிமரத்தை மட்டும் தொடக்கூடாது. அது அரசு மரம். மதிப்புப் போட்டு ஏலம் விட வேண்டும். அது கிடந்த காலம் முழுவதும் மாடுகள் வெட்டவெளியில் நின்றன.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லி நியாயம் கேட்க ஊராட்சித் தலைவரும் இல்லை. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூன்று ஆண்டுகள் தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். கஜா வந்தது அந்த இடைவெளியில். தலைவர் இருந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்போம், சண்டை போட்டிருப்போம். அத்தாச்சியின் வீடு எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஏராளமான ஊர்களைச் சுமந்த ஓர் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்?

நிவாரணம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100, தென்னை ஒன்றுக்கு அகற்றும் செலவையும் சேர்த்து 1,100 என்று அரசு அறிவித்தது. காய்த்துக்கொண்டிருந்த மரத்துக்கு அது ஈடாகாது என்றாலும் பணம் வந்தது. பணத்தைவிடப் பின்தங்கி வந்தது கட்டிக்கொள்ளும் அனுமதிதான்.

இதைச் சொன்னால் ஊரில் பெரியவர்கள், “அந்தக் காலம்தான் நல்ல காலம்” என்கிறார்கள். அப்படி என்னால் சொல்ல முடியவில்லை. 1977-இல் நிவாரணப் பட்டியல் எழுதியவர்கள் கிராம முன்சீப்பும் கர்ணமும். அந்தப் பதவிகள் ஒழிந்தது 1980-இல்தான். அவர்கள் பேனா மேலத்தெருவைத் தாண்டிப் போகவில்லை. காலனித் தெருவில் கூரை போனவர்கள் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்க அவர்களுக்கு வழியும் இல்லை. பண்ணையாட்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் பலருக்கு அது முறையான பட்டாவாகக் கைக்கு வந்து சேரவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் 2018-இல் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். பட்டா இருக்கிறதா என்ற கேள்விதான் அவர்களுக்கும் முதலில் வந்தது. கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் விட்ட அரசே அது எங்கே என்று கேட்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையம் வழியே உடனடி அனுமதி. நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். பட்டா வைத்திருப்பவருக்கு அலைச்சல் குறையும். அத்தாச்சியைப் போன்றவர்களுக்கும் காலனித் தெருக்காரர்களுக்கும் கதவு இன்னும் பழைய இடத்திலேயே பூட்டிக் கிடக்கிறது.

ஊராட்சியிடம் வீட்டு வரிப் பதிவேடு இருக்கிறது. அத்தாச்சியின் மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு வரி வாங்கி ரசீது கொடுத்தது அதே ஊராட்சிதான். வரி வாங்கும்போது வீடு யாருடையது என்று அதற்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஆகவே நான் கேட்பது இதுதான். புயலில் விழுந்த வீட்டை அதே இடத்தில், அதே அளவில் எழுப்பிக்கொள்ள அந்தப் பதிவேட்டில் உள்ள வரியே போதும் என்று ஆணை வேண்டும். அனுமதிச் சீட்டை அந்த வாரத்திலேயே, ஊருக்கே வந்து, தெருவில் மேசை போட்டுக் கொடுக்க வேண்டும். பட்டாப் பெயர் மாற்றமும் வாரிசுச் சான்றும் வீட்டில் குடியேறிய பிறகு நடக்கட்டும். அடுத்த நவம்பருக்கு முன்பே அந்த ஆணை வந்துவிட வேண்டும்.