விரல் வைத்தியம்

பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்குள் ஓர் எஞ்சினியரின் விரல் இருக்கிறது. நிஜ விரல் இல்லை, அதற்குப் பதிலாளாக வைத்த ஒரு ரெசிஸ்டர் பேக். 1981இல் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சிறிய கம்பெனி இந்த மெஷினை உருவாக்கிக்கொண்டிருந்தபோது போர்டு சண்டித்தனம் பண்ணியது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரலை வைத்தால் சமர்த்தாக ஓடும், எடுத்தால் படுத்துவிடும். எஞ்சினியரையும் பெட்டிக்குள் போட்டு விற்க முடியாதல்லவா? விரல் செய்த காரியத்தைச் செய்ய டேட்டா பஸ்ஸில் அந்த ரெசிஸ்டர் பேக்கைப் பற்றவைத்தார்கள். அது ஏன் தேவைப்படுகிறது என்று தங்களுக்கே தெரியாது, பதினைந்து லட்சம் மெஷினுக்கு அப்புறமும் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை என்று அதை வடிவமைத்த ஸ்டீவ் ஃபர்பர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

முன்மாதிரி பிறந்த கதை இன்னும் மோசம். பிபிசிக்காரர்கள் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்கள். கம்பெனியின் ஹெர்மன் ஹவுசர், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஃபர்பர் சொல்லிவிட்டதாக சோஃபி வில்சனிடமும், வில்சன் சொல்லிவிட்டதாக ஃபர்பரிடமும் சொல்லி இருவரையும் மாட்டிவிட்டார். சுத்தக் கல்யாணத் தரகர் வேலை. வெள்ளிக்கிழமை விடிந்தும் மெஷின் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மெஷினோடு சேர்த்திருந்த ஒயரை வெட்டிப் பாருங்களேன் என்றார் ஹவுசர். வெட்டினார்கள். ஓடியது.

ஃபர்பரும் வில்சனும் அடுத்து செய்ததுதான் ஆர்ம் புராசஸர். 1985. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் அதன் வாரிசு. விரல் வைத்தியம் என்று கேட்டதும் சிரிப்பு வருகிறவர்கள் செல்போனை அணைத்துவிட்டுச் சிரிக்கவும்.

எங்களுக்கும் இந்த மெஷினுக்கும் உறவு ஏற்பட்டது ‘கிளாஸ்’ திட்டத்தின் புண்ணியத்தில். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று காட்ட 1984இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. பள்ளிகளுக்கு வந்து இறங்கியது பிபிசி மைக்ரோ. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் பயபக்தியோடு நுழைந்து, கூட்டமாக நின்று தரிசித்துவிட்டு வருவோம். கீபோர்டைத் தொடும் பாக்கியம் முதல் ரேங்க் வாங்குகிறவனுக்கு. அன்றைக்குத் தொடக் கிடைக்காதவர்கள்தான், வி.ஆர்.எஸ். வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களுமாக, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பன் வீட்டு மாடியில் கூடித் தொட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் ரேங்க் பையன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனுக்கு இதில் ஆர்வம் இல்லை.

ஆரோக்கியமான பிபிசி மைக்ரோ, சுவிட்சைப் போட்டதும் அடிக்குரலில் ஒரு ‘பூ’, உடனே உச்சத்தில் ஒரு ‘பீப்’ என்று இரண்டு ஸ்வரம் பாடிவிட்டுத் திரையில் பெயரைச் சொல்லும். உடம்பு சரியில்லாத மெஷின் முதல் ஸ்வரத்திலேயே நின்றுவிடும். ‘பூ...’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும். காயலான் கடையிலிருந்து மீட்டு வந்த எங்கள் மெஷின் அந்த ரகம். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிட்டீர்களா, டேங்க் வழிகிறதே என்று பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வியாதிக்கு எங்கள் கூட்டத்தில் இரண்டு மருத்துவ முறைகள் உண்டு. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர் ஆஸிலாஸ்கோப் கட்சி. கடிகாரத் துடிப்பு வருகிறதா, ரீசெட் கால் மேலே போகிறதா, 6502 புராசஸர் எந்த முகவரியைத் தேடி அலைகிறது என்று வரிசையாகப் பார்த்து, காகிதத்தில் குறித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்ப்பார். பேங்கில் இருந்தவர் கட்டைவிரல் கட்சி. அவர் எதையும் பார்க்க மாட்டார். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஐசிக்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் ‘நறுக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துவார். செலான்களில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின அனுபவம்.

கட்டைவிரலுக்கு விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. மெஷின் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஐசிக்கள் மயிரிழை மயிரிழையாக சாக்கெட்டை விட்டு மேலே ஏறிவிடும். கால்களில் களிம்பு பிடிக்கும். அழுத்தினால் களிம்பு உரசிப்போய்த் தொடர்பு கிடைத்துவிடும். சிக்னல்காரர் மூன்றாவது காகிதத்தில் 6522 ஐசி மேல் சந்தேகம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே பேங்க்காரர் அதை அழுத்தி முடித்திருந்தார். ‘பூ-பீப்.’ சிக்னல்காரர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “இது ரிப்பேர் இல்ல சார், தற்செயல்” என்றார். “உங்க ரயில் ஓடினதும் அப்படித்தானே” என்றார் இவர். அன்றைக்கு இருவரும் காப்பி குடிக்காமல் போனார்கள்.

இந்தத் துறையில் காரணம் தெரிந்து சரியானவை குறைவு, சரியானபின் காரணம் சொன்னவையே அதிகம் என்பது என் கருத்து. சிக்னல்காரர் முன்னால் இதைச் சொல்வதில்லை.

ஆள்காட்டிவிரலுக்கும் வேலை உண்டு. செத்த ஐசி சில சமயம் கொதிக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய் எது சுடுகிறதோ அதைக் குற்றவாளி என்று தீர்மானிப்பது மரபு. பிபிசி மைக்ரோவில் ஒரு வம்பு, வீடியோ யூஎல்ஏ என்ற சிப் நல்ல ஆரோக்கியத்திலேயே சுடும். அதன் தலையில் ஒரு ஹீட்சிங்க் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் புரிந்துவிடும். ஆனாலும் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதலில் கைது செய்வது அதைத்தான்.

ஓடிக்கொண்டிருந்த மெஷின் புகைந்த கதையையும் சொல்லவேண்டும். பவர் சப்ளைக்குள் மெயின்ஸுக்குக் குறுக்கே, இரைச்சலை வடிகட்ட, மஞ்சள் கண்ணாடிபோல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். உள்ளே காகிதம், வெளியே ரெசின். நாற்பது வருஷத்தில் ரெசினில் மெல்லிய வெடிப்புகள் விழும், அதன் வழியே ஈரம் நுழையும், ஒரு நல்ல நாளில் சுவிட்சைப் போட்டதும் ‘படக்’ என்று வெடித்துப் பழுப்பு நிறத்தில் புகை கக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அது போனாலும் கம்ப்யூட்டர் கவலைப்படாது. மாடி முழுக்கப் புகை. பேங்க்காரர் பிளக்கைப் பிடுங்க ஓடுகிறார். திரையில் கர்சர் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. கீழேயிருந்து நண்பனின் அம்மா குரல் கொடுத்தார்: “டேய், சாம்பிராணியா? நல்லதுதான், கொசு போகும்.” வாடை வந்ததும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

புதுக் கெப்பாசிட்டர் ரிச்சி தெருவில் டீக்காசுக்குக் கிடைத்தது. கடைக்கார பாய் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் வேலை செஞ்சுதா?” என்று கேட்டார். 4816 மெமரி ஐசி கிடைக்குமா என்று கேட்டபோதுதான் குழம்பிப்போனார். “எந்த டிவில வர்றது சார்?” கம்ப்யூட்டரில் வருவது, ஒன்றில் 16 கிலோபிட், பதினாறு சேர்ந்தால்தான் 32 கிலோபைட் என்று விளக்கினேன். அவர் பையன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி, “மெகாபைட்தானே அங்கிள்?” என்றான். இல்லை என்றதும் அனுதாபத்தோடு ஸ்டூலை நகர்த்தி என்னை உட்காரச் சொன்னான்.

வன்பொருள் சரியாகிவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் புரோகிராமை வரிவரியாக அச்சடித்திருப்பார்கள், நாம்தான் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்ளவேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட, ஒருவர் பின்னால் நின்று குறை சொல்ல என்று மூன்று பேர் வேலை. மெஷினோ அநாவசியமாகப் பேசாது. ‘மிஸ்டேக்’ என்று ஒரே சொல், கூடவே வரி எண். எதில் மிஸ்டேக், யார் மிஸ்டேக் என்றெல்லாம் சொல்லாது. வரி எண்களைத் தானாகப் போட்டுக்கொடுக்கும் ‘ஆட்டோ’ கட்டளையில் இடைவெளியைப் பூஜ்யம் என்று கொடுத்துவிட்டால் ‘சில்லி’ என்று திட்டும். நான் கதை விடவில்லை, பிபிசி பேசிக்கில் நிஜமாகவே அப்படி ஒரு செய்தி இருக்கிறது. முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவரைப் பார்த்து ஒரு 32 கிலோபைட் ஆசாமி அப்படிச் சொல்லலாமா? பேங்க்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். எழுந்தபோது முழங்கை பட்டது கீபோர்டின் வலது மேல் மூலையில் இருக்கும் ‘பிரேக்’ விசையில். மதியம் பூராவும் தட்டிய புரோகிராம் போச்சு. ‘ஓல்டு’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, அடித்தால் போனது திரும்பிவிடும் என்று சிக்னல்காரருக்குத் தெரியும். ஆனால் அவர் அதை உடனே சொல்லவில்லை. நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

திரும்பி வந்ததைச் சேமிக்கக் கேசட். நண்பன் பரணிலிருந்து கல்லூரிக் காலத்து டேப் ரெக்கார்டர் ஒன்றை இறக்கினான். உள்ளே ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்பு அல்வாவாகியிருந்தது. அதைச் சுரண்டியெடுத்து வேறு பெல்ட் மாட்டினோம். பிறகு ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் குட்டித் திருகாணி. ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் உச்ச ஓசைகள் மங்கிவிடும், கம்ப்யூட்டர் ‘டேட்டா?’ என்று கேள்விக்குறியோடு நம்மையே கேட்கும், அப்புறம் ‘ரீவைண்ட் டேப்’ என்று உத்தரவு போடும். ஆகவே காதால் கேட்டுக்கொண்டே, கிறீச்சிடல் மிக மிகக் கூர்மையாகிப் பல் கூசும் இடம் வரும்வரை திருப்புளியால் திருகவேண்டும். இதில் ஆஸிலாஸ்கோப் கட்சியும் கட்டைவிரல் கட்சியும் ஒற்றுமை. காதுதான் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள், யாருடைய காது என்பதில்தான் தகராறு.

பரணில் அந்த ரெக்கார்டரோடு ஒரு கேசட்டும் கிடைத்தது. பள்ளியில் எடுத்த காப்பி, மேலே பென்சிலால் ‘கேம்’ என்று எழுதியிருந்தது. அதைத்தான் முதலில் போட்டோம். மெஷினுக்குள் ரிலே ‘டிக்’ என்றது, கேசட் சுழன்றது, திரையில் ‘சர்ச்சிங்’ என்று வந்தது. வந்தது வந்தபடி நின்றது. சிக்னல்காரர் அளவு சரி என்றார். பேங்க்காரர் ரெக்கார்டரை அழுத்தினார். கடைசியில் ஒயரைப் பிடுங்கி, என்னதான் ஓடுகிறது என்று ஸ்பீக்கரில் கேட்டோம். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், தெள்ளத் தெளிவாக.

“நான்தான்டா பிடிச்சேன்” என்று மாடிப்படியில் அம்மாவின் குரல். “வெறும் கீச்சுக் கீச்சுனு இருந்தது, கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ரேடியோலேர்ந்து பிடிச்சுட்டேன். இத்தனை வருஷமாத் தேடிட்டிருந்தேன். யாரும் அதத் தொடாதீங்க.”