ஜூன் மாதத்து பேட்டரி

அப்பா நாகப்பட்டினத்தில் படகு ஓட்டிய காலத்தில் பேட்டரி செத்தாலும் தொழில் நிற்காது. கைப்பிடி போட்டுச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினார்கள். வெளிச்சத்துக்கு பெட்ரோமாக்ஸ், திசைக்கு காம்பஸும் நட்சத்திரமும். இன்று தம்பியின் விசைப்படகில் இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், ஒயர்லெஸ் எல்லாமே பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் விலையை மட்டும் கேட்டு பேட்டரி மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு வேலையெல்லாம் அந்த 61 நாளில்தான் நடக்கும். பேட்டரியை மாற்றுவதற்கு முன் பழையதைச் சோதிக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் மாமா முழு சார்ஜ் ஏற்றிவிட்டு ஆறு குழியிலும் ஹைட்ரோமீட்டர் விட்டு ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பார். "எல்லாக் குழியும் 1.260 பக்கம் நின்னா இன்னும் ஓடும் தம்பி. ஒண்ணு மட்டும் 1.200-ல கிடந்தா அது போச்சு" என்பார். வாங்குவதென்று முடிவானால் ஜூனில் வாங்குங்கள், தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏப்ரலில் வாங்கிச் சும்மா வைத்தால் சார்ஜ் தானாக இறங்கி, தகட்டில் சல்பேட் படியும்.

அடுத்து கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1,800 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 900. பழைய 40 வாட் பல்பு மூன்று, பத்து மணி நேரம் எரிந்தாலே 1,200 போய்விடும். 10 வாட் எல்.இ.டி. மூன்றுக்கு 300 போதும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட பல்பை மாற்றுவது மலிவு.

செல்ஃப் அடிக்கும் பேட்டரியில் மெல்லிய தகடுகள். சில நொடியில் பெரிய கரண்டைக் கொட்டும். விளக்குக்கும் கருவிகளுக்கும் மணிக்கணக்கில் தாங்கும் டியூபுலர் பேட்டரி வேண்டும். ஒன்றை வைத்தே இரண்டு வேலையும் வாங்கினால் அது சீக்கிரம் படுத்துவிடும். 24 வோல்ட் படகில் ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், பழையது புதியதையும் கெடுக்கும். பல நாள் கடலில் தங்கும் படகுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் யோசிக்கலாம். விலை அதிகம்தான். ஆனால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், பல ஆயிரம் முறை சார்ஜ் தாங்கும். ஆல்டர்னேட்டர் சூடாகாமல் காக்கும் சார்ஜரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இவ்வளவு சொல்வது ஒயர்லெஸ்ஸுக்காகத்தான். கேட்பதற்கு அதற்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். 25 வாட்டில் பேசுவதற்கு ஐந்து ஆம்பியர் வேண்டும். நோஞ்சான் பேட்டரியில் அடுத்த படகின் குரல் கேட்கும், நம் குரல் போகாது. ஆகவே கிளம்பும் முன் கரையிலேயே இஞ்சினை நிறுத்தி, விளக்கெல்லாம் போட்டு, ஒயர்லெஸ்ஸில் பேசிப் பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் மீட்டர் 12 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்த பேட்டரியானாலும் கடையில் திருப்பிக் கொடுங்கள்.