மே/பா

எங்கள் பக்கத்தில் கடிதத்துக்கு முகவரி எழுதும்போது பெயருக்கு அடுத்த வரியில் 'மே/பா' என்று போடுவார்கள். மேற்பார்வை என்பதன் சுருக்கம். கல்லூரியில் படித்த காலம் முழுக்க எனக்கு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் அந்த இரண்டு எழுத்து இருந்தது. ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவே காட்டுக்குள் எங்கள் வீடு. தபால்காரர் அவ்வளவு தூரம் வரமாட்டார். பஸ் நிற்கும் இடத்தில் இருந்த மளிகைக் கடைதான் எங்களுக்கு முகவரி. சேகோ பேக்டரிக்குக் குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிவிட்டு வரும் அப்பா, கடையில் கடிதம் இருந்தால் வாங்கிவருவார். என் கைக்கு வருமுன் கடைக்காரர், அண்ணன், சித்தப்பா என்று மூன்று பேராவது அதைப் படித்திருப்பார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு வந்த கடிதத்தை ஒட்டியபடியே கொடுப்பது அன்று எங்கள் ஊரில் வழக்கமில்லை.

1997-ல் பி.எஸ்சி. முடித்தேன். ஒரு வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்திருந்தது. கடையில் பருப்பு மூட்டைக்குப் பின்னால் விழுந்து கிடந்திருக்கிறது. "கண்ணு, உனக்கு ஏதோ ஆபீசு கடுதாசியாட்டம் வந்து கெடக்குது" என்று கடைக்காரர் எடுத்துத் தந்தபோது, நேர்காணல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் நல்ல மனிதர். ஊருக்கே தபால் பெட்டியாக இருந்தவர், அதற்காக ஒரு காசு வாங்கியதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் என் பெயருக்கு வருவது என் கைக்கே நேராக வர வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் முளைத்தது.

அப்போது சேலம், நாமக்கல் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பல்கலைக்கழகத்திலிருந்து நேரில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமானால் இரவில் சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, சேப்பாக்கம் போக வேண்டும். என்னைத் தனியே அனுப்ப வீட்டில் மனமில்லை. அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 17-ல் சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. எனக்குப் பின் வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் இரண்டு பஸ் மாறும் தூரத்துக்கு வந்துவிட்டது. அது எத்தனை வீட்டுப் பெண்களுக்குப் படிப்பைத் திறந்துவிட்டது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எம்.சி.ஏ. படிக்கும்போது, 1999-ல், சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் முதல் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டேன். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலையில் தொடங்கிய ஹாட்மெயில். மணிக்கு 40 ரூபாய். போன் லைன் வழியாக ஒரு பக்கம் திறப்பதற்குள் கால் மணி போய்விடும். அந்தத் திரையில் என் பெயர் மட்டும் இருந்தது. அதன் கீழே மே/பா இல்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கடவுச்சொல்லை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தபோது அங்கே அஞ்சலுக்கென்று சொந்த சர்வர் இருந்தது. ஒரு சின்ன அறை, ஒரு ஏசி, வரிசையாக யு.பி.எஸ். பேட்டரிகள். 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பேட்டரி தீர்ந்து சர்வர் படுத்துவிடும். கரண்ட் வந்து அதை எழுப்புவதற்குள் மறுபடி கரண்ட் போகும். மாணவர்களுக்கெல்லாம் முகவரி கொடுக்கலாம் என்ற பேச்சை எடுத்தாலே, இத்தனை பேரை இந்தப் பெட்டி தாங்குமா என்று கேள்வி வரும்.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான், தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடு முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு மைக்ரோசாஃப்டின் 'லைவ் அட் எஜு' கிளவுட் சேவை. சுமார் 70 லட்சம் மாணவர்கள், 5 லட்சம் ஆசிரியர்கள். கூகுளும் 2006 முதலே கல்விக்கூடங்களுக்கு இதுபோன்ற சேவையை இலவசமாகக் கொடுத்துவந்தது. ஏற்பாடு எளிமையானது. @ குறிக்குப் பின்னால் வரும் பெயர் கல்லூரியுடையது. கடிதங்களைக் காப்பதும் கணினிகளை ஓயாமல் ஓட்டுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. எங்கள் ஊரில் கரண்ட் போனாலும் மாணவியின் கடிதம் எங்கோ ஒரு கட்டடத்தில் விழித்துக்கொண்டிருக்கும். எங்கள் கல்லூரியும் பின்னால் இப்படியொரு சேவைக்கு மாறியது. பதிவு எண்ணையே முகவரியாக்கி மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. பெயர்ப் பட்டியலை ஏற்றிய அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. லாரி டிரைவர் மகள், கோழிப்பண்ணைக் காவலாளி மகன், பள்ளிபாளையம் தறிப்பட்டறைப் பையன் என்று ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு முகவரி.

அதன் அருமை 2020-ல்தான் முழுக்கப் புரிந்தது. நான் படித்த காலத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் மூன்று பேருக்கு ஒரு கணினி, ஒரு ஃப்ளாப்பி. 1.44 எம்.பி. கொள்ளும் அந்தச் சதுரத்தைத் தூசி படாமல் பாலிதீன் உறைக்குள் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோவோம். அப்படியும் ஒருமுறை அது திறக்கவில்லை. 60 பக்கமும் மறுபடி டைப் செய்தோம். ஊரடங்கில் என் மாணவிகள் நால்வர் சேந்தமங்கலம், எடப்பாடி, மல்லசமுத்திரம், வெண்ணந்தூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி கல்லூரிக் கணக்கின் வழியே ஒரே கோப்பில் எழுதினார்கள். இரவு பத்து மணிக்கு நானும் அதைத் திறந்து பார்ப்பேன். நான்கு நிறத்தில் நான்கு கோடுகள் துடிக்கும். திடீரென்று ஒன்று மறையும். சிக்னல் போயிருக்கும், இல்லை, அம்மா போனைக் கேட்டிருப்பார். மற்ற மூன்றும் அவள் விட்ட வாக்கியத்தை அப்படியே வைத்துவிட்டு வேறு பத்திக்குப் போகும். அவள் திரும்பி வந்து முடிப்பாள். எந்த வரியை யார் எழுதினார் என்று அந்தக் கோப்பே காட்டும். எங்கள் காலத்தில் யார் உழைத்தாலும் அட்டையில் எல்லார் பெயரும் ஒன்றாகத்தான் இருக்கும்.

எல்லாருக்கும் இது எட்டியது என்று சொல்லமாட்டேன். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து வந்த ஒரு பையன் சிக்னலுக்காகத் தினமும் பாறைமேல் ஏறி உட்கார்ந்து வகுப்பு கேட்டான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு 9 லட்சத்து 69 ஆயிரம் மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு கொடுத்தது. அது வந்த பிறகு அவனுக்குக் காசுக் கவலை தீர்ந்தது. பாறை ஏறும் வேலை தீரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். முதலாண்டு மாணவிகளிடம் சொந்த மின்னஞ்சல் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒன்று திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவருடைய நோட்டில் இருக்கும். ஓடிபி அவர் போனுக்குப் போகும். தொழில் தெரிந்து உதவியவர்தான், அந்த மளிகைக் கடைக்காரரைப் போலவே. ஆனாலும் அது மே/பா தான்.

கல்லூரி தரும் முகவரியும் நிலையானதில்லை. அளவில்லாத சேமிப்பு என்று கொடுத்துவந்த கூகுள், 2022 ஜூலையிலிருந்து ஒரு கல்வி நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று அடிப்படை வரம்பு வைத்தது. இடம் போதாத கல்லூரிகள் படித்து முடித்தவர்களின் கணக்குகளை மூடிவிடக்கூடும். அப்பா வாங்கிவந்த பழைய இன்லேண்டுகள் இன்றும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. என் மாணவி நான்காண்டு எழுதியதெல்லாம் ஒரு நாள் காலையில் திறக்காமல் போனால், அவள் எங்கே போய்த் தேடுவாள்?

அதனால் இப்போது இரண்டு வகுப்புகளைத் தனியாக ஒதுக்கி எடுக்கிறேன். கடைசி செமஸ்டரில் ஒன்று: கல்லூரிக் கணக்கில் உள்ள கடிதம், கோப்பு எல்லாவற்றையும் தரவிறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்வது. முதல் செமஸ்டரில் ஒன்று: சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவது, மீட்பு எண் என்ற இடத்தில் தன் எண்ணைப் போடுவது. பாடத்திட்டத்தில் இவை இல்லை. எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முகவரியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் சாவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

போன மாதம் அந்த முதல் செமஸ்டர் வகுப்பில் ஒரு பெண் எண்ணை மாற்றிவிட்டு இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இனிமே அண்ணன் கடைக்கு ஓடிபி போகாதுங்களா மேடம்?"

"போகாது கண்ணு. உனக்குத்தான் வரும்."

அவள் போன் சிணுங்கியது. ஆறு இலக்கம். பக்கத்தில் இருந்த தோழிக்குக்கூடக் காட்டாமல், கையால் மறைத்தபடி தட்டினாள்.