சகலை ஊர் பார்க்கிறார்

என் சகலை வீட்டில் காலண்டர் இரண்டு. ஒன்றில் அமாவாசை, கிருத்திகை. மற்றதில் ஜனவரி மூன்றாம் ஞாயிறு மும்பை, ஆகஸ்டில் ஹைதராபாத், செப்டம்பரில் லே. மாமனாரின் கண் ஆபரேஷனுக்குக்கூட இரண்டாவதைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார். மாரத்தான் என்று வாய் தவறியும் சொல்லமாட்டார். "குடும்பத்தோட ஒரு டூர், அப்படியே சின்னதா ஒரு ரன்." சின்னதா என்றால் 42.195 கிலோமீட்டர்.

லே மட்டும் மச்சினிக்குப் பிடிக்கும். 11,500 அடி உயரம், மூச்சு வாங்கும், போய் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் நிதானமாக உட்கார்ந்து அவளோடு டீ குடித்தது அங்கேதானாம்.

மும்பைக்கு நாங்களும் ஒட்டிக்கொண்டு போனோம். சனிக்கிழமை முழுக்க நெஞ்சில் குத்தும் நம்பர் வாங்குவதில் கரைந்தது. பிள்ளைகள் வடாபாவ் கேட்டார்கள். "ரேஸுக்கு முந்தின நாள் எண்ணெயா?" என்று அத்தனை பேரையும் மாட்டுங்காவுக்கு ஓட்டிப்போய் இட்லி வாங்கிக்கொடுத்தார். மயிலாப்பூரில் கிடைக்காத இட்லி பாருங்கள்!

ராத்திரி கட்டிலில் பனியன், சாக்ஸ், நான்கு ஊக்கு, வாசலைன் டப்பா எல்லாம் கொலு மாதிரி வரிசையாக ஏறின. நாங்கள் தரையில். எட்டு மணிக்கு விளக்கை அணைத்தார், இரண்டரைக்கு அலாரம்.

விடிந்ததும் பெட்டர் ரோடு மேட்டில் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் எங்களைக் கடக்க எட்டு விநாடி ஆனது. அதில் ஆறு விநாடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹாஜி அலி எப்படி இருந்துச்சு சகலை?"

"தண்ணி நல்லா கொடுத்தாங்கண்ணே."

சாப்பாட்டு மேசையில் வழக்கமான கதாகாலட்சேபம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டம் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிந்தது. அப்படி வந்ததுதான் இந்த 26 மைல் 385 கஜம். மச்சினி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ராணிக்கு எதிரே போய் முடிக்கணும்னு அவ்வளவு பண்ணியிருக்காங்க. எனக்காக ஒரு நாள் கூட இருந்து எலிஃபண்டா காட்டக்கூடாதாங்க?"

"நாளைக்கே போறோம்" என்றார். நாளை திங்கள். எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவன் பெண்டாட்டிக்கென்றே யாரோ வைத்த விதி!

டிக்கெட்டை மாற்றிச் செவ்வாயன்று படகேறினோம். கேட்வேயிலிருந்து ஒரு மணி நேரம். இறங்கினால் எதிரே 120 படி. ஏறிவிட்டார். திரிமூர்த்தி முன்னால் மச்சினி மெய்ம்மறந்து நின்றபோது, தூணில் சாய்ந்து கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போதுதான் தெரிந்தது, தொடை இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்று. கைப்பிடியைப் பற்றி, மலையைப் பார்த்தபடி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். பாசிமணிக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டோலிக்காரர் இருவர் நாற்காலியோடு வந்து நின்றார்கள். மச்சினி விலை பேசி முடித்தேவிட்டாள்.

கழுத்தில் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்ததால் அவர் ஏற மறுத்துவிட்டார்.